34-வது வாரத்தில் ஆஸ்பத்திரி மாற்றலாமா? முதல் பிரசவம் சிசேரியன் (இங்கிலாந்து)

கேள்வி:
அக்காமார்களே, போன மாதம்தான் கோவையிலிருந்து லண்டன் வந்தோம். கணவருக்கு வேலை விசா, நான் டிபெண்டன்ட். இப்போது 34 வாரம். முதல் குழந்தை மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரில் சிசேரியன். இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியில் பதிந்து இரண்டு தடவை போனேன். முதல் தடவை பார்த்த மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலியர்), "நார்மலுக்கு முயற்சி பண்ணலாம்" என்றார். அடுத்த தடவை டாக்டர் ஒன்றும் கேட்காமல் 39-வது வாரத்துக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார். எனக்கு நார்மல் ஆசை. இனிமேல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? பணம் கேட்பார்களா?

பதில்:
மாறலாம் தங்கச்சி. நான் 35-வது வாரத்தில் மாறினேன். விசாவுக்குக் கட்டும்போதே பெரியவர்களுக்கு ஆளுக்கு வருடம் 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் வாங்கிவிட்டார்களே (மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் 776), பிரசவம் அதற்குள் அடங்கிவிடும். எந்த என்.எச்.எஸ். (இந்த நாட்டு அரசு சுகாதாரச் சேவை) ஆஸ்பத்திரி என்றாலும் அதே கதைதான். விசிட்டர் விசாவில் வந்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு, பில் வரும். ஆனால் அதற்காகப் பிரசவம் பார்க்க மாட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது.

மாறுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஊரில் நமக்கு ஒரு டாக்டரம்மா. முதல் ஸ்கேனிலிருந்து தையல் பிரிக்கிறவரை அவரேதான். இங்கே அப்படி இல்லை. அன்றைக்கு டியூட்டியில் யாரோ அவர்தான் பார்ப்பார். அதனால்தான் உங்களுக்கு இரண்டு தடவைக்கு இரண்டு பதில். எனக்கு மூன்று தடவைக்கு மூன்று: ஒருவர் நார்மல், ஒருவர் 39-ல் சிசேரியன், இன்னொருவர் 40-ல் வலி வரவைக்கலாம் என்றார். மூன்றாமவர் என் முகத்தைப் பார்த்ததைவிடக் கணினித் திரையைப் பார்த்ததுதான் அதிகம்.

ஆகவே ஆஸ்பத்திரியை விடுவதற்கு முன்னால் இருக்கிற இடத்திலேயே, "கன்சல்டன்ட் மிட்வைஃபைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். அவர் அனுபவமுள்ள மூத்த மிட்வைஃப். சில இடங்களில் வீபேக் கிளினிக், பர்த் ஆப்ஷன்ஸ் கிளினிக் என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்கள். வீபேக் என்றால் சிசேரியனுக்குப் பிறகு நார்மல் டெலிவரி. பலருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்குக் குறித்த தேதியும் அவர்கள் சொல்லும் யோசனைதான், உத்தரவு இல்லை. என்னென்ன வழி இருக்கிறது, எதில் என்ன ஆபத்து என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் சம்மதம் வாங்க வேண்டும் என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றமே 2015-ல் மாண்ட்கோமரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதற்காக வழக்கு கிழக்கு என்று ஆரம்பிக்க வேண்டாம். "வேறு என்ன வழி இருக்கிறது, அதில் என்ன ஆபத்து?" என்று கேட்டால் போதும், பேச்சு மாறிவிடும்.

அப்படியும் சரிப்படவில்லையா, புது ஆஸ்பத்திரியின் மகப்பேறுப் பிரிவு இணையப் பக்கத்தில் நீங்களே பதியலாம். பல இடங்களில் ஜி.பி. (பக்கத்துக் குடும்ப டாக்டர்) கடிதம் தேவையில்லை. படிவத்தை நிரப்பிவிட்டு அன்றைக்கே போனும் போடுங்கள். 34 வாரம் என்பதைக் குரலில் சொன்னால்தான் அவசரம் புரியும். இடமில்லை என்று கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு, மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த இடம் பாருங்கள். புதியவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை பழைய பதிவையும் அந்த 39-வது வாரத் தேதியையும் ரத்து செய்யாதீர்கள். நடுவில் ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, பழைய தையல் பக்கம் விடாமல் வலித்தாலோ உடனே அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குத்தான் போன் அடிக்க வேண்டும். மாறுகிற நேரமாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோவைக் காகிதம் எங்கே?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். அதனால் இங்கே வந்திறங்கும் நம் பெண்களில் எத்தனையோ பேர் வயிற்றில் தழும்போடுதான் வருகிறார்கள். காகிதத்தைத்தான் பீரோவில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். வெளியே தோலில் தெரியும் தழும்பு குறுக்காக இருப்பதால் உள்ளே கர்ப்பப்பையிலும் குறுக்காகத்தான் வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் கீழ்ப் பகுதியில் குறுக்கு வெட்டுதான், அதற்குத்தான் நம் ஊர்க் காகிதத்தில் எல்.எஸ்.சி.எஸ். என்று எழுதுவார்கள். மேலே நீளவாக்கில் வெட்டியிருந்தால் நார்மலுக்கு விட மாட்டார்கள், கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் பிரிகிற ஆபத்து அதிகம். குறுக்கு வெட்டு ஆங்கில எழுத்து T மாதிரி நீண்டிருந்தாலும் யோசிப்பார்கள்.

என் முதல் பிரசவம் திருச்சியில். அம்மா டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து அனுப்பினார். மடிப்பில் கிழிந்து, அப்பாவின் மின்கட்டண ரசீதோடு ஒட்டிக்கிடந்த தாள். அதில் "எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்." என்று ஒரே வரி. இங்கே கன்சல்டன்ட் மிட்வைஃப் அதைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் குறிப்பு கிடைக்குமா என்று கேட்டார். தம்பி இரண்டு நாள் அலைந்தான். ரெக்கார்டு பிரிவில் என் கையெழுத்துப் போட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் கேட்டார்கள், இங்கிருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். வந்த குறிப்பில் குறுக்கு வெட்டு, கிழிசல் நீளவில்லை, ஆபரேஷனுக்கு முன்னால் கர்ப்பப்பை வாய் 8 சென்டிமீட்டர் திறந்திருந்தது என்று எழுதியிருந்தது. அந்த மிட்வைஃப் பேனாவை வைத்துவிட்டு, "இப்போது பேசலாம்" என்றார். அதுவரைக்கும் பேசியதெல்லாம் ஊகம்தான்.

இங்கே இருக்கும் மகப்பேறு டாக்டர்களின் ராயல் காலேஜ் வழிகாட்டுதலில் உள்ள கணக்கு இது. ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள் நார்மலுக்கு முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குக் கைகூடுகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு 85 முதல் 90. தையல் பிரிகிற ஆபத்து 200-ல் ஒருவருக்கு. அரிதுதான், ஆனால் நடந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதனால்தான் லேபர் வார்டிலேயே இருக்கச் சொல்வார்கள், குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் பார்ப்பார்கள். எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) போடலாம், தடையில்லை. மருந்து கொடுத்து வலி வரவைத்தால் அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும், ஆகவே "வலி வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். மறுபடி சிசேரியன் என்றால் பெரும்பாலும் 39 வாரத்துக்கு மேல்தான், அதற்கு முன்னால் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம். மூன்றாவது பிள்ளை ஆசை இருந்தால் அதையும் சொல்லுங்கள், சிசேரியன் கூடக்கூட அடுத்த தடவை நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும். நார்மலே வேண்டாம், சிசேரியன்தான் வேண்டும் என்பவர்களும் இங்கே அதைக் கேட்டு வாங்கலாம். வெள்ளைக்காரன் கத்தி எடுக்கவே மாட்டான் என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள்.

என் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 41 வாரம் ஆகியும் வலி வரவில்லை. மருந்தில்லாமல் பலூன் வைத்து வலி வரவைக்கலாம் என்றார்கள். ஒரு நாள் யோசித்துவிட்டு நானே சிசேரியன் கேட்டேன். தியேட்டருக்குள் கணவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், திருச்சியில் அவர் வெளியே பெஞ்சில். "அதே ஆபரேஷன்தான் என்றால் எதற்கு ஆஸ்பத்திரி மாற்றினாய்?" என்று மாமியார் போனில் கேட்டார். பதில் சொல்லவில்லை, வெந்நீர் வைத்துக் குளித்தேனா என்பதற்கு அவர் போய்விட்டார்.

எந்த வழியில் பிறந்தாலும், மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். நடு இரவில் வலி வந்தால் வருகிற ஆள் வேண்டும். சிசேரியன் என்றால் இங்கே ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஊர் மாதிரி ஐந்து நாள் கிடையாது. கூடவே பலருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசியும், போட்ட ஊசியைப் போட ஒரு மஞ்சள் டப்பாவும் கையில் கொடுப்பார்கள், வீட்டில் நாமே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். என் கணவர் முதல் நாள் ஊசியைப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றார். கடைசியில் நானே போட்டேன்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. அண்ணன் இன்றைக்குக் காகிதம் அனுப்பினான். எல்.எஸ்.சி.எஸ். என்றுதான் இருக்கிறது. கீழே கையெழுத்தில் "பி.ஓ.எல்." என்று ஏதோ கிறுக்கியிருக்கிறது. அது என்ன?

பதில்:
கிறுக்கலைப் பார்த்து நான் அர்த்தம் சொன்னால் அது குறிசொல்வது மாதிரி ஆகிவிடும். ஆபரேஷன் குறிப்பு தனியாக இருக்கும், அண்ணனை அதையும் வாங்கச் சொல்லுங்கள். கடிதத்தில் உங்கள் கையெழுத்து மறக்க வேண்டாம். நாளைக்குக் காலையில் மகப்பேறுப் பிரிவுக்கு முதல் போன், சரியா?