வெள்ளி நானோ கரைசல் மஞ்சளிலேயே நிற்கிறது, நீலமாகவில்லை: உதவி தேவை

கேள்வி:
வெள்ளி நானோ துகள்களை ஒளியால் நீல நிற முக்கோணத் தகடுகளாக மாற்றப் பார்க்கிறேன். 100 மி.லி. டீஅயனைஸ்டு தண்ணீரில் சில்வர் நைட்ரேட் 0.1 மில்லிமோலார், ட்ரைசோடியம் சிட்ரேட் 0.3 மில்லிமோலார். ஐஸ் தொட்டியில் வைத்து, வேகமாகக் கலக்கியபடி 50 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 1 மி.லி. விட்டேன். எலுமிச்சை மஞ்சள் உடனே வந்தது. ஒளி உறிஞ்சல் உச்சி 397 நா.மீ. (நானோமீட்டர்). பிறகு 5 மில்லிமோலார் பி.எஸ்.பி.பி. (துகள்கள் திரளாமல் காக்கும் பாஸ்பீன் சேர்மம்) 1 மி.லி. சேர்த்தேன். வெள்ளி ஆக்ஸிஜனேற்றம் அடையக்கூடாதென்று அரை மணி நேரம் நைட்ரஜன் ஓட்டி, ரப்பர் மூடி போட்டு, 525 நா.மீ. பச்சை எல்.இ.டி. முன்னால் வைத்தேன். மூன்று நாளாகியும் நிறம் அப்படியே. விளக்கு போதவில்லையா?

பதில் 1:
விளக்கில் குறையில்லை, நைட்ரஜன்தான் தடுக்கிறது. ஒளி பட்டதும் வெள்ளித் துகள் சிட்ரேட்டிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. அந்த எலக்ட்ரான் வெள்ளி அயனியைத் துகள்மேல் படியவைத்தால்தான் முக்கோணத் தகடு வளரும். அயனி எங்கிருந்து வரும்? சின்னத் துகள்களை ஆக்ஸிஜன் கரைப்பதால்தான். இப்போது அடுப்பு எரிகிறது, உலையில் அரிசி இல்லை. மூடியை எடுத்துவிட்டு வாயில் பஞ்சு மட்டும் வையுங்கள். நீங்கள் செய்வது அமெரிக்க வேதியியலாளர் சாட் மிர்கினின் குழு 2001-ல் வெளியிட்ட முறை. அதில் 40 வாட் குழல்விளக்குக்கே சுமார் 70 மணி நேரம் ஆனது. அவசரப்படாதீர்கள்.

பதில் 2:
கூடவே ஒரு குப்பியை அலுமினியத் தாளில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதுவும் மாறினால் காரணம் ஒளியல்ல.
பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பாருங்கள். முதலில் தெரிவது நீலமல்ல, பாசி படிந்த குளத்துத் தண்ணீர் போன்ற மங்கிய பச்சை. ஸ்பெக்ட்ரத்தில் 400 இறங்க இறங்க 670 பக்கம் ஏறும், 335-ல் கூர்மையான சிறு உச்சி எழும். தட்டையான துகளுக்கு அந்த 335 நல்ல அடையாளம். 400 மட்டும் இறங்கி, கரைசல் சாம்பல் நிறமானால் துகள்கள் திரண்டுவிட்டன. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பதில் 3:
குளோரைடையும் கவனியுங்கள். அக்வா ரீஜியாவில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவிய கண்ணாடியைச் சரியாக அலசாவிட்டால் அது ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக அலசிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விடுங்கள். பால்போல் கலங்கினால் இன்னும் அலச வேண்டும். நீலம் வந்த பிறகும் குளோரைடு முக்கோணத்தின் முனைகளைத் தின்று வட்டமாக்கும், நிறம் ஊதாவுக்குப் பின்வாங்கும். போரோஹைட்ரைடை ஐஸ் தண்ணீரில் அப்போதே கரைத்து விடுங்கள். வைத்திருந்தால் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும்.

கேட்டவர்:
மூடியை எடுத்து 20 மணி நேரம் ஆகிறது. பாசிப் பச்சை வந்துவிட்டது, 335-ம் தெரிகிறது! தாளில் சுற்றியது இன்னும் மஞ்சள். 400-ல் பாதி உயரம் மிச்சம். இப்போதே எடுத்துவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். 400-ன் உயரம் குறைவது நிற்கும்வரை விளக்கிலேயே இருக்கட்டும். பிறகு இருட்டில், குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.