முசுறு எறும்பு இருக்கும் மரத்தில் காய் பறிப்பது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். புளியரையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம். மரம் முழுக்க முசுறு, ஏழெட்டுக் கூடு இருக்கும். (ஆரியங்காவுப் பக்கம் நீறு என்பார்கள்.) காய் பறிக்க ஏறினால் கழுத்து வரை கடி. அம்மா மருந்தடி என்கிறார். எனக்கு மனசில்லை. பூச்சிகளை இவை பிடித்துத் தின்பதால்தான், சீனாவில் சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டங்களில் வளர்த்திருக்கிறார்கள். கூடு கட்டுவதும் அதிசயம்தான். வளர்ந்த எறும்புக்கு நூல் வராது. சில எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, மற்றவை தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, அதன் நூலால் ஒட்டித் தைக்கின்றன.

நேற்று இன்னொரு கூத்து. ஒரு முசுறைத் தட்டிவிட்டேன், நூலில் தொங்கியது! எண்ணினால் எட்டுக் கால். முன்னங்கால்களை உணர்கொம்பு மாதிரி தூக்கிப் பிடித்து ஏமாற்றும் சிலந்தி அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட்டைக் கலைக்காமல், விஷம் அடிக்காமல் காய் பறிக்க என்ன வழி? சாம்பல் பூசிக்கொண்டு ஏறினால் கடிக்காது என்கிறார்களே, செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? துரட்டி எட்டவில்லை.