பாப் யூக்கரின் வர்ணனைக்கு அவர் ஆடிய ஆட்டம் உதவியதா?

மேசைவிளக்கு:
மில்வாக்கியில் பிறந்த பாப் யூக்கர், 1962 முதல் 1967 வரை அமெரிக்க பேஸ்பாலில் மூன்று அணிகளுக்கு மாற்று கேட்சராக, அதாவது பிட்சர் (பந்தெறிபவர்) எறியும் பந்தை பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிப்பவராக ஆடினார். பேட்டிங் சராசரி .200, அதாவது பத்து வாய்ப்புக்கு இரண்டு அடிகள்தான்; பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்கள் மொத்தம் 14. அவரே 1971இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் வானொலி வர்ணனைக்கு வந்து, 2024 வரை 54 சீசன்கள் அங்கேயே இருந்து, 2025 ஜனவரியில் 90 வயதில் மறைந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் ஆட்டம் முழுதும் தெரியும். நட்சத்திர ஆட்டக்காரருக்குத் தம் ஆட்டம் மட்டுமே தெரியும் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் வின் ஸ்கல்லியை எங்கே வைப்பீர்கள்? தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாத அவர், டாட்ஜர்ஸ் அணிக்கு 67 சீசன்கள் வர்ணனை செய்தார். யூக்கரின் பெஞ்ச் ஞானத்தைச் சோதித்துப் பார்த்தவரும் உண்டு. ப்ரூவர்ஸின் உரிமையாளர் பட் செலிக், அவரை முதலில் இளம் வீரர்களைக் கண்டறியும் பணிக்குத்தான் அனுப்பினார். அவர் அனுப்பிய அறிக்கை, மசித்த உருளைக்கிழங்கும் குழம்பும் அப்பிய நிலையில் வந்து சேர்ந்ததாகச் செலிக் பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். வீரர்களை எடைபோடும் கண் அவருக்கு வாய்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேசைவிளக்கு:
எடைபோடுவது வேறு, விளக்குவது வேறு. பிட்சரின் கையிலிருந்து சுழலாமல் கிளம்பி, காற்றில் எந்தப் பக்கம் திரும்பும் என்று எறிந்தவருக்கே தெரியாமல் வரும் நக்கிள்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் ஃபில் நீக்ரோவின் அத்தகைய பந்துகளைப் பிடிக்க நேர்ந்த யூக்கர், அந்த ஆண்டு நேஷனல் லீக்கில் மிக அதிகமான பந்துகளைக் கோட்டை விட்ட கேட்சர் ஆனார், நீக்ரோவோ ஆட்டத்துக்கு 1.87 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்த சராசரியோடு பிட்சர்களில் முதலிடம் பிடித்தார். அந்தப் பந்தைப் பிடிக்க ஒரே வழி, அது உருண்டு ஓயும் வரை காத்திருந்து பொறுக்கிக்கொள்வதுதான் என்ற அவருடைய நகைச்சுவை, அடிபட்ட கைகளிலிருந்து வந்தது.

கணக்குப்பிள்ளை:
நகைச்சுவை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அது அவருக்குப் பிறவிக் குணம். 1964 உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டியில் அவருடைய கார்டினல்ஸ் அணி வென்றபோது ஓர் ஆட்டத்திலும் இறக்கப்படாத அவர், பயிற்சி நேரத்தில் வாத்தியக் குழுவின் டூபா என்ற பெரிய ஊதுகருவியை எடுத்து அதன் வாயில் பந்துகளைப் பிடித்தார். அப்போது அவர் வர்ணனையாளர் அல்லர். மேலும், 'உதவாக்கரை ஆட்டக்காரர்' என்பது அவர் விரும்பி அணிந்த வேடம். உதவாக்கரைகளை ஆறு சீசன்கள் யாரும் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதில்லை.

பழைய_ரேடியோ:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வேடம் என்பதில் கணக்குப்பிள்ளையோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த வேடத்துக்கான துணியை அவருடைய ஆட்டம்தான் நெய்து கொடுத்தது. 1965இல் பெயர்பெற்ற பிட்சர் சாண்டி கோஃபாக்ஸின் பந்தில் ஹோம் ரன் அடித்ததைப் பற்றி, அதனாலேயே கோஃபாக்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் புகழ்மண்டபம்) கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சியதாக அவர் சொல்வார். ஸ்கல்லி எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் அந்த வாக்கியம் அவர் வாயில் நகைச்சுவை ஆகாது.

கணக்குப்பிள்ளை:
அந்த ஒரு வாக்கியத்தை விட்டுத்தருகிறேன். ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில், அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஏழாவது இன்னிங்ஸில் கேட்பவரை வானொலியை அணைக்கவிடாமல் வைத்திருந்தது பயிற்சியும் குரலும்தான்.

மேசைவிளக்கு:
தோற்கும் அணியின் ஏழாவது இன்னிங்ஸைப் பெஞ்சிலிருந்து பார்த்துப் பழகியவர் அவர் என்பதைத்தான் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2003இல் வர்ணனைக்கான ஃபோர்டு ஃப்ரிக் விருதைப் பெற்ற மேடையிலும், தம்மை ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆட்டக்காரராகவே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்றுதான் அவர் குறைபட்டுக்கொண்டார்.