இழை: ரெட்ரோபல்பார் ஹெமரேஜ் – தமிழில் என்ன? (திங்களுக்குள்)

காட்பாடி, செவிலியர் பயிற்றுநர்:

வணக்கம். சைனஸ் அறுவை முடிந்து வார்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள, ரெட்ரோபல்பார் ஹெமரேஜ், அதாவது கண்ணுக்குப் பின்னால் ரத்தம் சேருவது பற்றி, ஒரு பக்கக் குறிப்பு அச்சாகிறது. திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைப்பில் "பின்விழி நாளப்பெருக்கு" என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வாசித்துக் காட்டினேன். "நாளைக்குப் பெருக்கணுமாம்மா?" என்று கேட்டார் வார்டு ஆயா. வேறு சொல் தாருங்கள்.

ராணிப்பேட்டை, காது மூக்கு தொண்டை மருத்துவர்:

முதலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். மூக்குக்கும் கண்குழிக்கும் நடுவே காகிதம் போல ஓர் எலும்புத் தகடுதான். எத்மாய்டு என்பது மூக்கின் மேலே இருக்கும் சல்லடை போன்ற எலும்பு. அதன் முன்பக்கத் தமனி, முன் எத்மாய்டு தமனி, கண்குழிக்குள் கண் தமனியிலிருந்து பிரிந்து, உட்சுவரைத் துளைத்து, மூக்கின் கூரையைக் குறுக்கே கடக்கிறது. சிலருக்கு அது கூரையோடு ஒட்டாமல் தாழ்ந்து தொங்கும். சிடி ஸ்கேனில் அதைப் பார்த்து வைக்காமல் கருவியை உள்ளே விடக் கூடாது. அறுபட்டால் முனை சுருங்கிக் கண்குழிக்குள் போய்விடும். மூக்கில் ஒரு சொட்டும் தெரியாமலே உள்ளே ரத்தம் சேரும். அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பும் விழித்திரையும் பட்டினி. சுமார் ஒன்றரை மணி நேரம் தாண்டினால் பார்வை மீள்வது கடினம். கடைக்கண்ணைக் கீறி, இமையைப் பிடித்திருக்கும் நாணை விடுவித்து அழுத்தத்தை இறக்க வேண்டும்.

கண்குழி வழியாக அறுவை செய்கிறவர்களுக்கு 24-12-6 கணக்கு உண்டு: கண்ணீர்ப்பைக் குழியின் முன்விளிம்பிலிருந்து 24 மி.மீ. உள்ளே அந்தத் தமனி நுழையும் முன் எத்மாய்டு துளை, அதற்கு 12 மி.மீ. பின்னால் அடுத்தது, இன்னும் 6 போனால் பார்வை நரம்பு. சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. குருதி இருக்க ரத்தம் எதற்கு? "குருவும் கெழுவும் நிறனா கும்மே" என்பது தொல்காப்பிய உரியியல். குரு நிறம், அதனால் குருதி. செவ்வாய்க் கோளுக்கும் குருதி என்று பெயர் உண்டு. எத்மாய்டும் வேண்டாம், நெய் வடிகட்டும் சல்லடையின் பெயரால் நெய்யரி என்னலாம். என் பரிந்துரை: விழிப்பின் குருதிக்கட்டு.

ஆரணி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அதை "விழிப்பு" என்றுதானே படிப்பார்கள்? தூக்கம் கலைந்தால் வரும் நோய் போல இருக்கிறது. குருதிக்கு மல்லுக்கட்டுகிற நீங்கள் தமனியை விட்டுவிட்டீர்களே, அதுவும் சிரையும் வடமொழிதான். நெய்யரியோ நன்னூலில் கடை மாணாக்கனுக்கு உவமை: நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. இந்த இழையும் அப்படித்தான் போகிறது.

டொராண்டோ, யாழ்ப்பாணத்தவர்:

நெய்யரி எங்கட பாடப்புத்தகச் சொல், அதைப் பழிக்காதேங்கோ. ஒன்று கவனியுங்கோ: எங்களுக்கு நாடி எண்டால் உங்கட தமனி, நாளம் எண்டால் சிரை மட்டும்தான். உங்களுக்கு நாளம் இரண்டுக்கும் பொது. "நாளம் அறுந்தது" எண்டு எழுதினால் இங்க வாசிக்கிறவர் சிரைக் கசிவு எண்டு நினைச்சு ஆறுதலாய் இருந்திடுவார்.

குடியாத்தம்:

நாளம் தூய தமிழே. நாலுதல் தொங்குதல், நால் என்பதிலிருந்து நாளம். தாமரைத் தண்டு நீரில் தொங்குவதை எண்ணுக.

ஆரணி:

லகரம் எந்த விதியில் ளகரமானது? தவிர, தாமரைத் தண்டு தொங்கவில்லை ஐயா, நிற்கிறது.

காட்பாடி:

தயவுசெய்து! எங்கள் பக்கத்து நோயாளிகள் சொல்வது இதுதான்: "கண்ணு பிதுங்கிகினு வருது", "இமை கல்லாட்டம் கீது", "மங்கலா தெரியுது". "கண்ணுக்குப் பின்னால் ரத்தக்கட்டு" என்று போட்டுவிடட்டுமா? எல்லோருக்கும் புரியும்.

ராணிப்பேட்டை:

புரியும், அதுதான் ஆபத்து. ரத்தக்கட்டு என்றால் நம் ஊரில் விழுந்து அடிபட்ட வீக்கம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டு, காலையில் பார்க்கலாம் என்று படுக்க வைத்துவிடுவார்கள். குருதிக்கட்டு என்றாலும் இதே கதை. ரத்தப்போக்கும் சரியில்லை, வெளியே எதுவும் போகவில்லையே. கசிவு என்றால் சும்மா துளித்துளியாக என்று தோன்றும். தேக்கம் எப்படி? அடைபட்டு நிற்கிறது, அழுத்துகிறது என்ற இரண்டும் அதில் வந்துவிடும்.

ஆரணி:

தேக்கம், சரி. எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை.

டொராண்டோ:

தேக்கத்துக்கு நானும் சம்மதம். தமனி எண்டே போடுங்கோ, நாளம் வேண்டாம்.

குடியாத்தம்:

குருதித் தேக்கம் என்க. குறைந்தது இகரமாவது சேர்த்து "இரத்தத் தேக்கம்".

காட்பாடி:

இகரம் சேர்த்துவிட்டேன் ஐயா. தலைப்பு "கண்குழி இரத்தத் தேக்கம்". அதற்குக் கீழே நோயாளிகள் சொல்லும் அந்த மூன்று வரிகளும் அப்படியே. பிறகு: "இதில் எது சொன்னாலும் பத்துப் போடாதீர்கள், கட்டை இறுக்காதீர்கள், அந்த நிமிடமே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்." ஞாயிறு இரவே அனுப்பியாயிற்று.

டொராண்டோ:

கண் + குழி, கட்குழி எண்டெல்லோ வரவேணும்? மட்குடம் போல.

குடியாத்தம்:

முற்றிலும் உடன்படுகிறேன். அச்சகத்தை நிறுத்த இயலுமா?

ஆரணி:

மண்பானையை மட்பானை என்று கேட்டு வாங்குகிறவர் யாராவது இருந்தால் நிறுத்தலாம்.