இரவில் ரன்வே பளிச்சென்று தெரிந்தும் பைலட் தவறுவது எப்படி?

கேட்டவர்: வேலந்தாவளத்துக்காரன்

போன வாரம் என் அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்தார். ராத்திரி விமானம். அழைத்து வரக் காரோடு போயிருந்த நான், நேரம் கிடந்ததால் விமான நிலையத்து வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் சக்கரங்களை இறக்கிக்கொண்டு தலைக்கு மேலே வந்தது, இதோ இறங்கிவிட்டது என்று நினைக்கும்போதே பெரிய இரைச்சலோடு மறுபடி மேலே ஏறிப் போய்விட்டது. சுற்றி வந்து இறங்க இன்னும் இருபது நிமிடம் ஆனது. மழை இல்லை, பனி இல்லை, கணவாய்க் காற்றுகூட அன்று அடங்கித்தான் கிடந்தது. மச்சான் வெளியே வரும்போது கை சில்லிட்டுப் போயிருந்தது, பெட்டியை நான்தான் தள்ளி வந்தேன். வாளையார் தாண்டும் வரைக்கும் "ஓட்டத் தெரியாதவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்" என்று ஒரே புலம்பல்.

2020இல் கரிப்பூரில் (கோழிக்கோடு விமான நிலையம்) விமானம் ரன்வேயைத் தாண்டி ஓடி விழுந்ததிலிருந்து ராத்திரி விமானம் என்றாலே அக்கா தூங்குவதில்லை. என் கேள்வி இதுதான். வானம் தெளிவாக இருக்கிறது, ரன்வே விளக்கு வரிசையாக எரிகிறது, ஓட்டுபவர் பல ஆயிரம் மணி நேரம் பறந்தவர். அப்புறமும் எப்படித் தவறுகிறது? விசாரணையில் "பைலட் தவறு" என்று எழுதுகிறார்களே, கவனக்குறைவு என்றுதான் அர்த்தமா?

பனந்தோப்பு:

மச்சானிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்த பைலட் செய்ததுதான் சரி. அதற்குப் பெயர் கோ-அரவுண்ட். உயரமோ வேகமோ ஒத்துவரவில்லை, ரன்வேயில் முன்னால் போனது இன்னும் விலகவில்லை, எதுவாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்ததும் ஏறிவிட்டார். இதற்காகத் திட்டு வாங்கும் பைலட்டை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

நான் சில வருடம் சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவி) மையம் ஒன்றில் வேலை பார்த்தேன், அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே தெருவிளக்கு இல்லாத ரோட்டில் ராத்திரி போகும்போது எதிரே ஒற்றை விளக்கு வரும். பைக்கா, ஒரு விளக்கு அவிந்த லாரியா? நூறடியா, அரை கிலோமீட்டரா? பகலில் மரம், வரப்பு, கரண்டுக் கம்பம் எல்லாம் சேர்ந்து தூரத்தைச் சொல்லிவிடும். ராத்திரியில் விளக்கு மட்டும்தான் மிச்சம்.

ரன்வேக்கு முன்னால் காடோ கடலோ இருட்டாகக் கிடந்தால் பைலட்டுக்கும் அதே கதிதான். இதை பிளாக் ஹோல் அப்ரோச் என்பார்கள். கண்ணுக்குக் கிடைப்பது விளக்கு வரிசையின் வடிவம் மட்டும், அதை வைத்து "உயரமாக இருக்கிறோம்" என்று மனசு சொல்லும், உடனே தாழ்த்துவார். ரன்வே கொஞ்சம் மேட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தாலோ அகலம் குறைவாக இருந்தாலோ இன்னும் மோசம். 1960களில் போயிங்கில் கான்ராட் கிராஃப்ட் என்ற உளவியலாளர், இரவு விபத்துகள் சில நடந்த பிறகு, பயிற்சி கொடுக்கும் அனுபவமுள்ள பைலட்டுகளை உயரமானி இல்லாமல் சிமுலேட்டரில் இறங்க வைத்துப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் சரியான பாதைக்குக் கீழே போய்விட்டார்கள், தாழ்ந்து போகிறோம் என்று தெரியாமலே. இவர்களை எப்படிக் கவனக்குறைவு என்பது?

சான் பிரான்சிஸ்கோவில் 2017 ஜூலையில் நடந்ததையும் பாருங்கள். ஏர் கனடாவின் ஏ320 விமானம், நள்ளிரவு நெருங்கும் நேரம், விஷுவல் அப்ரோச், அதாவது கண்ணால் பார்த்து இறங்குவது. பக்கத்து ரன்வே மூடி விளக்கும் அணைத்திருந்தது. அதனால் இவர்கள் இறங்க வேண்டிய ரன்வே மூடிக் கிடப்பதுபோலவும், அதற்கு வலப்புறம் இருந்த டாக்ஸிவேதான் (விமானங்கள் ரன்வேக்கு ஊர்ந்து போகும் பாதை) ரன்வே போலவும் தெரிந்திருக்கிறது. அந்த டாக்ஸிவேயில் நான்கு விமானங்கள் பயணிகளோடு வரிசையில் நின்றன. தரையிலிருந்து சுமார் 60 அடி வரை இறங்கி, கடைசியில்தான் மேலே ஏறினார்கள். கேப்டன் விழித்து 19 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரன்வேயின் நேர்கோட்டை ரேடியோ மூலம் காட்டும் ஐ.எல்.எஸ் அலைவரிசையைத் துணைக்குப் போட்டிருந்தால் கோடு மாறியது கருவியிலேயே தெரிந்திருக்கும், போடவில்லை.

வேலந்தாவளத்துக்காரன்:

அண்ணா, 60 அடி என்றால் எங்கள் வீட்டுத் தென்னைமரம் அளவுதான். படிக்கவே வயிறு கலங்குகிறது. கண் ஏமாற்றும் என்று 1960களிலேயே தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன மாற்று வைத்தார்கள்?

பனந்தோப்பு:

ரன்வே ஓரத்தில் பாப்பி என்று நான்கு விளக்கு இருக்கும். இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு தெரிந்தால் உயரம் சரி. நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம், நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. சாதாரணமாக 3 டிகிரிச் சரிவு, ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய 300 அடி இறக்கம்.

ஆனால் விளக்கு இருந்தால் போதாது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் டல்லஹாசியில் ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம், போயிங் 727, விடியும் முன் இருட்டில் இதே மாதிரி கண்ணால் பார்த்து இறங்கியது. பாப்பி நான்கும் சிவப்பு காட்டியும் இறங்கிக்கொண்டே போய் மரத்தில் மோதியது. ஓட்டிய துணை பைலட்டுக்கு சிவப்பையும் வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பதில் நிறக்குறைபாடு. கூட இருந்த கேப்டன், விமானப் பொறியாளர் இருவராவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டு பைலட்டுகளுக்கும் களைப்பு வேறு. மூன்று பேரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள்.

கொண்டோட்டிக் கடைக்காரன்:

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுச் சித்தூர், கடை இங்கே, கரிப்பூர் பக்கத்தில். கரிப்பூரை இதோடு சேர்க்காதீர்கள். அன்று, ஆகஸ்ட் 7, கொட்டும் மழை. கருவி வழிகாட்டலில்தான் வந்தார்கள், பின்னாலிருந்து காற்று வேறு தள்ளியது. 8,858 அடி ரன்வேயில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டது, அதாவது பாதி ரன்வே போன பிறகு. கோ-அரவுண்ட் என்று துணை பைலட் சொல்லியும் கேப்டன் ஏறவில்லை, துணை பைலட்டும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை என்று 2021இல் வந்த அறிக்கை சொல்கிறது. 21 பேர் போனார்கள், இரண்டு பைலட்டும் அதில் அடக்கம். கொரோனா பயத்தையும் மழையையும் பார்க்காமல் ஊர்க்காரர்கள் தங்கள் வண்டிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். உங்கள் மச்சான் இறங்கிய விமானம் அன்று ஏறியதே, அந்த ஏற்றம்தான் இங்கே நடக்காமல் போனது.

வேலந்தாவளத்துக்காரன்:

அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன், மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஒரே ஒரு சந்தேகம். அன்று நான் வேலியோரம் நின்றபோது ரன்வே பக்கம் நான்கு சிவப்பு விளக்கு தெரிந்தது. அப்படியானால் அந்த விமானம் தாழ்ந்து வந்ததா?

பனந்தோப்பு:

இல்லை. நீங்கள் நின்றது தரையில், இறங்கு பாதைக்கு ரொம்பக் கீழே. அங்கிருந்து யார் பார்த்தாலும் நான்கும் சிவப்பாகத்தான் தெரியும். பைலட்டுக்கு என்ன நிறம் தெரிந்தது என்பது அவர் உட்கார்ந்த உயரத்தில் இருந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.