கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்கள்: 'மிதி உருளை', 'தள்ளு உருளை' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

காரின் கிளட்சை இயக்கும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களுக்கு முறையே தாங்கள் பரிந்துரைத்த 'தலைமை உருளை', 'அடிமை உருளை' ஆகிய சொற்களைப் படித்தேன். அடிமை என்னும் சொல் உறுத்துவது ஒருபுறம் இருக்கட்டும். எந்த உருளை காரில் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்பதை இரண்டுமே சொல்லவில்லை என்பதுதான் என் குறை. இச்சொற்கள் பழுதுபார்ப்புக் கையேட்டுக்கு வேண்டியவை ஆதலால், ஒரு பழுதை வைத்தே அவற்றைச் சோதிக்கலாம்.

எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் எளிதாக விழுகின்றன. எஞ்சின் ஓடும்போது முதல் கியர் விழ மறுக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசுகிறது என்றால், பெரும்பாலும் குறை கியர்பெட்டியில் இல்லை. எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. மிதியை அழுத்தியதும் மேலுள்ள உருளை (மாஸ்டர்) நீர்மத்தைக் குழாய்வழியே அனுப்ப, கீழுள்ள உருளையின் (ஸ்லேவ்) பிஸ்டன் ஃபோர்க் என்னும் நெம்புகோலைத் தள்ளி, ரிலீஸ் பேரிங்கை நகர்த்தி, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டின் பிடியைத் தளர்த்த வேண்டும். குழாயில் காற்று புகுந்திருந்தால் அக்காற்றே அமுங்கிப் போகும். மிதி பஞ்சுபோல் இறங்கும். விடாமல் சிலமுறை மிதித்தால் மட்டும் கியர் விழும். அதற்கு ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். வெளியே கசிவே இல்லாமல், அழுத்திப் பிடித்த மிதி தானாக மெல்ல இறங்கி வண்டி நகரப் பார்த்தால், மேல் உருளையின் உள் சீல் தேய்ந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

இங்கே 'தலைமை உருளையைப் பாருங்கள்' என்று எழுதினால் படிப்பவர் படத்தைத் தேடுவார். 'மிதி உருளையைப் பாருங்கள்' என்றால் நேராக மிதியின் பக்கம் குனிவார். பிரேக்கிலும் 'பிரேக் மிதி உருளை' என்று இது பொருந்தும். அங்கே வீல் சிலிண்டருக்குச் 'சக்கர உருளை' என்ற பெயர் இயல்பாகவே அமைவதால் வரிசையும் கெடாது. கீழ் உருளைக்குத் 'தள்ளு உருளை' என்பதே என் பரிந்துரை. 'விடுப்பு உருளை' என்றும் சொல்லலாம்தான், ஆனால் விடுப்பு என்றதும் நமக்கு அலுவலகம்தான் நினைவுக்கு வருகிறது. சில கார்களில் இவ்வுருளை கியர்பெட்டிக்குள் செல்லும் தண்டைச் சுற்றி வளையமாக அமைந்திருக்கும். அதை மாற்றக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும் என்பதால், 'வளையத் தள்ளு உருளை' என்று தனிப்பெயர் தருவது தேவை.

கிளட்சை 'உரசிணைப்பி' ஆக்குவதை இக்கையேட்டில் நான் ஆதரிக்கவில்லை. பட்டறையில் 'கிளட்ச் கட் ஆகலை' என்பவருக்கு 'கிளட்ச் பிரியாமை' உடனே புரியும், அதன் எதிர்நிலையான ஸ்லிப்புக்கு, அதாவது கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் வழுக்குவதற்கு, 'கிளட்ச் நழுவல்' போதும்.

மாற்றியே ஆக வேண்டியது, இவ்வுருளைகளில் ஊற்றும் நீர்மத்துக்கு வழங்கும் 'பிரேக் ஆயில்' என்ற பெயரை என்று நான் கருதுகிறேன். டாட் 3, டாட் 4 என்று மூடியில் அச்சிட்டு வருவது கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் சார்ந்த நீர்மம். ஆயில்தானே என்று யாரேனும் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால் கிளைக்கால் நீர்மத்துக்கென அமைந்த ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். 'பிரேக் நீர்மம்' என்று எழுதலாமா, தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.