போஸ்டன் ஜெயித்த இரவு: எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

சனி, ஆகஸ்ட் 9, 2025 (நேரம் எல்லாம் இண்டியானாபொலிஸ் நேரம்)

நான், இரவு 11.48
எல்லோருக்கும் காலை வணக்கம். அங்கே ஞாயிறு விடிந்திருக்கும். நானும் பாப்பாவும் டிரம் கோர் இசைக்குழுக்களின் உலகப் போட்டி இறுதிச் சுற்றைப் பார்த்துவிட்டு லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்தோம். போஸ்டன் குரூசேடர்ஸ் ஜெயித்துவிட்டார்கள்! 1940இல் தொடங்கிய குழு, இன்றைக்குத்தான் முதல் உலகப் பட்டம். கார் நிறுத்துமிடத்தில் ஒரே நெரிசல், வண்டி நகர அரை மணி நேரமாவது ஆகும். யார் யார் முழித்திருக்கிறீர்கள்?

தம்பி, இரவு 11.50
நான் இருக்கிறேன் அண்ணா. உங்கள் கட்சி புளூகோட்ஸ் இல்லையா?

நான், இரவு 11.52
புளூகோட்ஸ்தான். போன வருடப் பட்டம் அவர்களுடையது. இந்த வருடம் கிடைக்கவில்லை, மனசு கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் முடிவை அறிவித்ததும் போஸ்டன் பிள்ளைகள் அழுததைப் பார்த்து நானும் எழுந்து கைதட்டினேன். இந்தப் போட்டி 1972 முதல் நடக்கிறது. இறுதிச் சுற்றுக்கு 12 குழுக்கள்தான் போகும். போஸ்டன் முதன்முதலாக அந்த 12க்குள் வந்ததே 1999இல். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் ஜெயிக்காமலே வயது வரம்பைத் தாண்டிப் போயிருப்பார்கள், யோசித்துப் பார்.

பெரிய மாமா, இரவு 11.55
மாப்பிள்ளை, இது நம் ஊர் சுதந்திர தின அணிவகுப்பு பேண்டு மாதிரிதானே? நான் என்.சி.சி.யில் மூன்று வருடம் சைடு டிரம் அடித்தவன்.

நான், இரவு 11.59
வேர் அதேதான் மாமா. முன்னாள் படைவீரர் சங்கங்கள் ஊர் ஊராக நடத்திய குழுக்களிலிருந்து வந்தது. அதுதான் டிரம் கோர். டிரம்பெட், டியூபா மாதிரியான பித்தளை வாத்தியங்கள், தாளக் கருவிகள், கூடவே கொடியும் மரத் துப்பாக்கியும் வீசிப் பிடித்து ஆடுகிற கலர் கார்டு. கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் கிடையாது. ஒரு பெரிய குழுவில் 150 பேருக்கு மேல், யாருக்கும் வயது 22ஐத் தாண்டக் கூடாது. ஃபுட்பால் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே பத்துப் பன்னிரண்டு நிமிடம் வாசிப்பார்கள். பேஸ் டிரம்மை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும். ஐந்து பேர், ஐந்து அளவு, ஐந்து சுருதி. வேகமான ஒரே வரியை ஐந்து பேரும் துண்டு துண்டாகப் பிரித்து அடிப்பார்கள். கண்ணை மூடினால் ஒரே ஆள் அடிப்பது போல இருக்கும்.

பெரிய மாமா, ஞாயிறு அதிகாலை 12.01
ஓடிக்கொண்டே டியூபாவா!

தம்பி, 12.02
சரி, மார்க் எப்படிப் போடுகிறார்கள்? போன வருடமும் நடுவர்கள் மேல் கோபமாகத்தான் எழுதியிருந்தீர்கள்.

நான், 12.09
கோபம் நடுவர்கள் மேல் இல்லைடா, மதிப்பெண் தாள் மேல்.

மொத்தம் 100. அதில் 40 பொதுவான தாக்கத்துக்கு, அதாவது மொத்தமாகப் பார்க்கிறவனை அது எவ்வளவு அசைத்தது என்பதற்கு. காட்சிக்கு 30, இசைக்கு 30. பித்தளைக்கு ஒரு நடுவர், தாளத்துக்கு ஒருவர், கலர் கார்டுக்கு ஒருவர் என்று தனித்தனி ஆட்கள். பார்க்கும்போதே பேசிப் பதிவு செய்வார்கள், பிறகு அந்தக் குரல் பயிற்சியாளர்களிடம் போகும். இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் வழக்கு இதுதான். ஒவ்வொரு நடுவரின் தாளிலும் இரண்டு பெட்டி இருக்கும், பெட்டிக்குப் பத்து. ஒன்று, வாசிக்கவும் ஆடவும் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு. இன்னொன்று, பிள்ளைகள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு. தாக்கத்துக்கான 40இலும் இதே பாதிக்குப் பாதி. கூட்டிப் பார், 100இல் 50 எழுதிக் கொடுத்ததற்கே போகிறது. அதை எழுதுவது யார்? சம்பளம் வாங்குகிற பெரியவர்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் நிகழ்ச்சியைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. சப்பென்று ஒரு முடிவை எழுதிக் கொடுத்துவிட்டால் கோடை முழுக்க அதைச் சுமப்பது அந்தப் பிள்ளைதான்.

அத்தை, 12.14
கண்ணா, நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறேன், போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் சின்னக் கீர்த்தனையைப் பிசிறில்லாமல் வாசிக்கிறாள். இன்னொரு பெண் அடதாள வர்ணத்தை எடுத்துக்கொண்டு ஓர் இடத்தில் மட்டும் சறுக்குகிறாள். இருவருக்கும் ஒரே தராசு வைக்க முடியுமா? கஷ்டமானதை எடுத்ததற்கு மதிப்பு வேண்டாமா?

பெரிய மாமா, 12.15
எங்கள் காலத்தில் அணிவகுப்பில் தப்புக்குத் தப்பு மார்க் குறைப்பார்கள். அது நேர்மை.

நான், 12.21
மாமா, இங்கேயும் அப்படித்தான் இருந்தது. டிக் முறை என்பார்கள். நடுவர் களத்துக்குள்ளேயே நடந்து, கண்ணிலும் காதிலும் பட்ட ஒவ்வொரு தப்புக்கும் தாளில் ஒரு கோடு போடுவார், கோட்டுக்கு 0.1 போய்விடும். 1984இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். கைவிட்டதே நல்லது. தப்புக்கு மட்டும் கணக்கு என்றால் எவனும் கஷ்டமானதைத் தொட மாட்டான், அத்தை சொல்கிற வர்ணத்தை யாருமே எடுக்க மாட்டார்கள்.

அத்தை, கஷ்டத்துக்கு மதிப்பு வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த மதிப்பு பெட்டிக்குப் பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது. இன்னொன்று. மதிப்பெண் விவரத் தாளை, ரீகேப் என்பார்கள், நான் வருடா வருடம் வரி வரியாகப் படிப்பேன். அந்த இரண்டு பெட்டிகளும் ஒட்டிப் பிறந்தவை போலவே நகரும். எழுதியதற்கு 9.7 விழுந்தால் செய்ததற்கும் 9.6, 9.7 என்றுதான் விழும். ‘எழுத்து சாதாரணம், ஆனால் பிள்ளைகள் பிரமாதம்’ என்று ஒரு தாளாவது தைரியமாகச் சொல்லிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அப்படிச் சொல்ல முடியாவிட்டால் இரண்டு பெட்டி எதற்கு?

அத்தை, 12.24
இது நியாயமான கேள்வி. நாங்களும் அப்படித்தான் செய்கிறோமோ என்று இப்போது உறுத்துகிறது. பாட்டு நல்ல பாட்டாக இருந்தால் கை தானாக ஒரு மார்க் கூடப் போடும்.

தம்பி, 12.25
கூட்டம் யாருக்குக் கத்துகிறதோ அவர்களுக்கே கொடுத்துவிட்டால் என்ன?

நான், 12.33
அதுவும் கூடாது. 2014ஐச் சொல்கிறேன். அந்த வருடம் புளூகோட்ஸ் ஒரு வேலை செய்தார்கள். நிகழ்ச்சியின் உச்சத்தில் பித்தளைக் குழு மொத்தமும், கூடவே சின்தசைசரும், ஒரு பெரிய ஸ்வரத்தைப் பிடித்து அப்படியே கீழே வழுக்கி இறக்கினார்கள். அரங்கமே காலடியில் சாய்வது போல இருந்தது. அத்தனை பேரும் கத்தினோம். பட்டம் கலிஃபோர்னியாவின் புளூ டெவில்ஸுக்குப் போனது, 99.65. இன்று வரை அந்த எண்ணை யாரும் தாண்டவில்லை. புளூகோட்ஸ் இரண்டாவது, இடையில் இரண்டு புள்ளிக்கு மேல் இடைவெளி.

அன்றைக்கு எனக்கு ஆத்திரம். பிறகு புளூ டெவில்ஸின் பதிவை ஆற அமரப் போட்டுப் பார்த்தேன். ஒரு கால்கூடப் பிசகவில்லை. எந்த நொடியில் நிறுத்தினாலும் படம் சுத்தம். கூட்டத்தோடு சேர்ந்து கத்தியபோது என் கண்ணுக்கு அது தப்பிவிட்டது. அதனால் நடுவர் கட்டாயம் வேண்டும். செய்நேர்த்தியைத் தனியாக, கண் எடுக்காமல் பார்க்கிற நடுவர் வேண்டும்.

அத்தை, 12.35
வழுக்கி இறக்கினார்கள் என்றாயே, அது ஜாரு. எங்கள் வாத்தியத்தில் ஒரு விரல் செய்கிற வேலை. இத்தனை பேர் ஒன்றாகச் செய்தார்களா? அந்த வீடியோவை அனுப்பு.

நான், 12.36
அனுப்புகிறேன் அத்தை. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

சித்தி, 12.38
இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ராசா, பாப்பாவும் இதில் சேரப் போகிறாள் என்று அண்ணி சொன்னாளே, நிஜமா? பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்துத் தூங்குவார்களாமே?

நான், 12.44
நிஜம்தான் சித்தி. பள்ளி பேண்டில் மெல்லோஃபோன் என்கிற பித்தளை வாத்தியம் வாசிக்கிறாள், குளிர்காலத்தில் குழுவில் சேருவதற்கான தேர்வுக்குப் போக வேண்டும் என்கிறாள். ஜிம் தரையும் நிஜம். ராத்திரி பஸ்ஸில், பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. பெரிய குழு என்றால் கட்டணமே 5,000 டாலரைத் தாண்டும். என் கவலை அதுதான். 1934இல் தொடங்கிய கேடட்ஸ் குழுவே 2024இல் மூடிவிட்டது. சான்டா கிளாரா வான்கார்டு 2018 சாம்பியன், 2023இல் பணமில்லாமல் ஒரு வருடம் களத்துக்கே வரவில்லை. நல்லவேளை, அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள்.

சித்தி, 12.46
இவ்வளவு கொடுத்து, தரையில் படுத்து, கடைசியில் யாரோ எழுதிக் கொடுத்ததற்கு மார்க் குறைத்தால் பிள்ளை மனசு என்ன ஆகும்?

நான், 12.53
அதனால்தான் சித்தி தொண்டை வலிக்கப் பேசுகிறேன்.

2008இல் புளூமிங்டனில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் இறுதிப் போட்டி எங்கள் பல்கலைக்கழக மைதானத்தில். அறை நண்பன் இழுத்துக்கொண்டு போனான், டிரம் கோர் என்றால் என்னவென்றே தெரியாது. ஃபேண்டம் ரெஜிமென்ட் என்று இல்லினாய்ஸ் குழு, ரோமாபுரி அடிமைக் கிளர்ச்சிக் கதையை எடுத்து வந்தார்கள். கடைசி நிமிடத்தில் முழு மைதானமும் காலில் நின்றது. 98.125. புளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025 சித்தி. ஏதோ ஒரு பெட்டியில் யாரோ ஒருவர் பேனாவை ஒரு மயிரிழை தள்ளி வைத்திருந்தால் பட்டம் மாறியிருக்கும். அந்த இழை, அன்றைக்கு மைதானத்தில் ஓடிய பிள்ளைகளின் மூச்சிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், டிசம்பரில் யாரோ ஒரு மேஜையில் எழுதியதிலிருந்து அல்ல. தாக்கத்துக்கு 40ஐ அப்படியே வைக்கட்டும். பித்தளை, தாளம், கலர் கார்டு தாள்களில் பத்துக்குப் பத்து என்பதை மாற்றி, எழுத்துக்கு ஐந்து, செய்ததற்குப் பதினைந்து கொடுக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

பெரிய மாமா, 12.55
ஐந்தும் பதினைந்தும் எனக்குச் சம்மதம்.

அத்தை, 12.56
எனக்கு ஏழும் பதின்மூன்றும். வர்ணத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தம்பி, 12.57
பாப்பா என்ன சொல்கிறாள்?

நான், 1.02
பின் சீட்டில் இருந்தபடி போஸ்டன் மெல்லோஃபோன் வரிசையின் ஓர் இடத்தை உதட்டாலேயே வாசித்துக்கொண்டிருந்தாள். இப்போது தூங்கிவிட்டாள். வரிசை நகர்கிறது, வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன். அத்தைக்கு 2014, மாமாவுக்குப் பேஸ் டிரம், இரண்டையும் நாளை அனுப்புகிறேன்.